தலையிடி குடுக்கிற பிரச்சினைய வேற மாதிரி யோசிச்சு தீர்க்கிறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

"வித்தியாசமா யோசி" எண்டு சொல்லாத ஆளே இப்ப இல்ல. ஒஃபிஸ்ல மனேஜர் சொல்லுவார், டியூஷன்ல சேர் சொல்லுவார், லிங்க்ட்இன்ல முன்ன பின்ன தெரியாத ஆக்களும் சொல்லுவினம். சரி எப்பிடி யோசிக்கிறது எண்டு கேட்டா ஒருத்தரிட்டயும் பதில் இருக்காது, ஏனெண்டா அத ஒரு வரம் மாதிரி நினைச்சு வைச்சிருக்கினம், சிலபேருக்கு வரும் சிலபேருக்கு வராது எண்டு. நான் அப்பிடி நினைக்கேல்ல. அது ஒரு வேலை, கொப்பியும் பேனையும் எடுத்து, கொஞ்சம் அலுப்படிச்சாலும் இருந்து செய்யவேண்டிய வேலை. அதிலயும் முக்கால்வாசி நேரம் விடைய தேடுறதில போறதில்ல, கேள்விய சரியா பிடிக்கிறதிலதான் போகும். கேள்வி பிழையா இருந்தா எவ்வளவு கெட்டிக்காரனும் பிழையான விடையத்தான் வடிவா செய்து முடிப்பான்.

எல்லாப் பிரச்சினைக்கும் இது தேவையில்ல எண்டதையும் முதலே சொல்லிடுறன். பைப் ஒழுகினா பைப் வேலை செய்யிற பாஸ கூப்பிடுங்கோ, அதுக்கு கிரியேட்டிவ் திங்கிங் வேண்டாம். விடை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா அவரிட்ட கேக்கிறதுதான் புத்தி. இது எதுக்கெண்டா, தெரிஞ்ச வழி எல்லாம் செய்து பாத்தும் திரும்பத் திரும்ப அதே இடத்தில வந்து நிக்கிற பிரச்சினைக்கும், ஒண்ட சரியாக்கினா இன்னொண்டு கெடுற பிரச்சினைக்கும்தான்.

சும்மா தத்துவமா கதைச்சா விளங்காது, அதால ஒரு உதாரணத்த கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போறன். கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில ஒரு ஒழுங்கையில சின்ன தையல் கடை ஒண்டு. ஒரு அக்கா, ரெண்டு மெஷின், ஒரு ஓவர்லொக், உதவிக்கு ஒரு பிள்ளை, அவ்வளவுதான். வருஷம் முழுக்க பிரச்சினையில்லாம ஓடும், தீபாவளி கிட்ட வந்தா எல்லாம் தலைகீழ். சொன்ன திகதிக்கு சாறி பிளவுஸ் முடியாது, ஆக்கள் வாசல்ல நிண்டு ஏச்சு, அக்காக்கு நித்திரை இல்ல.

படி 1: பிரச்சினைய எழுதுங்கோ, விடைய அதுக்குள்ள ஒளிக்காம

அக்காட்ட என்ன பிரச்சினை எண்டு கேட்டா உடன வாற பதில், "தைக்க ஆள் காணாது தம்பி". கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா இது பிரச்சினை இல்ல, அவ மனசுக்குள்ள முடிவெடுத்து வைச்சிருக்கிற விடை: இன்னொரு ஆள் வந்தா சரியாகிடும் எண்டது. ஆள் காணாது, காசு காணாது, இடம் காணாது, நேரம் காணாது எண்டு உங்கட கொப்பியில இருந்தா அத வெட்டிட்டு திரும்ப எழுதுங்கோ. என்ன நடக்குது, யாருக்கு, எப்ப, இவ்வளவுதான் வேணும். "தீபாவளிக்கு முந்தின மூண்டு கிழமையில, சொன்ன திகதிக்கு பிளவுஸ் குடுக்க ஏலாம போகுது." இதில ஆளும் இல்ல மெஷினும் இல்ல, நடக்கிறது மட்டும்தான் இருக்கு.

பிறகு இந்த ஒரு வசனத்தில இருந்து ஆகக் குறைஞ்சது அஞ்சு கேள்வி எடுக்கோணும். எப்பிடி கெதியா தைக்கிறது? தைக்காம சும்மா கிடக்கிற நேரத்த எப்பிடி குறைக்கிறது? ஆக்கள் முந்தியே துணி கொண்டுவாற மாதிரி என்ன செய்யலாம்? பிந்தினாலும் கோவிக்காம இருக்க என்ன செய்யலாம்? எந்த வேலைய எடுக்காம விடலாம்? பாருங்கோ, ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம் கூட்டிக்கொண்டு போகுது. முதலாவது கேள்வியிலயே ஒட்டிக்கொண்டு நிக்கிறவைதான் கனபேர், மற்ற நாலும் கேள்வியாவே அவையிட கண்ணில படுறதில்ல.

கேள்விய மாத்தினா என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட இலங்கையிலயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு, 2022ஆம் ஆண்டு பெற்றோல் லைன். நாள் கணக்கா வாகனத்துக்குள்ள படுத்த காலம். "எப்பிடி கூட பெற்றோல் கொண்டுவாறது" எண்ட கேள்விக்கு டொலர் இல்லாம விடை இல்ல. வேற கேள்வி ஒண்டு இருந்திச்சு: இருக்கிறத ஒரே ஆள் திரும்பத் திரும்ப அடிக்காம எப்பிடி பாக்கிறது? நம்பர் பிளேட்ட கடைசி இலக்கத்த வைச்சு நாள் பிரிச்சதும் அந்தக் கேள்விக்குத்தான், ஜூலை மாசம் வந்த கியூஆர் பாஸும் அந்தக் கேள்விக்குத்தான். தொடக்கத்தில கிழமைக்கு மோட்டர் சைக்கிளுக்கு 4 லீற்றர், த்ரீவீலுக்கு 5, காருக்கு 20. கப்பலும் வந்ததுதான், விலையும் ஏறினதுதான், அத இல்லையெண்டேல்ல. ஆனா நாளைக்கு கிடைக்காது எண்ட பயத்தில அரை டேங்க் இருக்கேக்கயே வந்து லைன்ல நிண்ட ஆக்களுக்கு, உன்ட பங்கு உனக்கு கிடக்கு எண்டு ஒரு உறுதி கிடைச்சதும் லைன் கரையிறதுக்கு பெரிய காரணம்.

படி 2: யோசிக்க முதல் போய் பாருங்கோ

டொயோட்டாவில தாய்ச்சி ஓனோ எண்டு ஒரு இஞ்சினியர் இருந்தவர், அந்தக் கொம்பனியிட உற்பத்தி முறைய உருவாக்கினவர். அவர் புது ஆக்கள ஃபக்டரி நிலத்தில சோக்கால வட்டம் கீறி அதுக்குள்ள நிப்பாட்டி வைச்சு மணித்தியாலக்கணக்கா பாக்க விடுவார் எண்டு சொல்லுவினம். கதைக்காத, எழுது, பார். எங்கட ஆக்களுக்கு இது சரியான கஷ்டம், ஏனெண்டா எங்களுக்கு ரெண்டு நிமிஷத்தில அட்வைஸ் வந்திடும்.

தையல் கடையில ஒரு பின்னேரம் மூலையில கதிரை போட்டு இருந்து பாத்தா என்ன தெரியும்? மெஷின் ஓடுற நேரத்த விட நிக்கிற நேரம் கூட. போன் அடிக்குது, "அக்கா முடிஞ்சிட்டா?" மெரூன் நூல் கழட்டி பச்சை போடுறா, ஒரு பிளவுஸ் முடியுது, திரும்ப பச்சை கழட்டி மெரூன். அளவு பிளவுஸ் எந்தப் பையில கிடக்கெண்டு தேடுறா. கொழுக்கி தைக்கவும் கையால விளிம்பு மடிச்சு தைக்கவும் அக்காவே இருக்கிறா, அந்த நேரம் மெஷின் சும்மா. ஒரு பிளவுஸ் வெட்டி தைச்சு முடிக்க ரெண்டு மூண்டு மணித்தியாலம், ஆனா அந்தத் துணி கடைக்குள்ள கிடக்கிறது பத்து நாளுக்கு மேல. அப்ப தைக்கிற வேகம் இல்ல பிரச்சினை, காத்திருக்கிறதுதான்.

இந்த இடத்தில "ஏன்" எண்டு திரும்பத் திரும்ப கேக்கிற முறைய பாவியுங்கோ, அதுவும் டொயோட்டாக்காரர் பிரபலமாக்கினதுதான். ஏன் இந்த பிளவுஸ் இன்னும் தைக்கேல்ல? லைனிங் காயேல்ல. ஏன் காயேல்ல? லைனிங் துணிய தண்ணியில ஊறவைச்சு காயப்போட்டுத்தான் தைக்கோணும், இல்லாட்டி முதல் தோய்ச்சலோட சுருங்கி பிளவுஸ் இறுகிடும், இப்ப ஒக்டோபர், கொழும்பில பின்னேரத்துக்கு பின்னேரம் மழை, ஃப்ளாட் பல்கனியில துணி ரெண்டு நாளா ஈரமாவே தொங்குது. ஏன் முதலே நனைச்சு வைக்கேல்ல? சாறிய கண்டாப் பிறகுதானே கலர் பாத்து பெட்டா கடைத்தெருவில வாங்கிறது. ஏன் அப்பிடியே அதே கலர் வேணும்? …இங்க அக்கா கொஞ்சம் நிண்டா. "அப்பிடித்தான் தம்பி வாங்கிறது."

அந்த "அப்பிடித்தான்" வந்தா தோண்டுறத நிப்பாட்டுங்கோ, நீங்க தேடின இடம் அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லோணும். ஏன் ஏன் எண்டு கேட்டுக்கொண்டு போகேக்க "அந்தப் பிள்ளைக்கு கவனமில்ல" மாதிரி ஒரு ஆள்ல போய் முடிஞ்சா அது விடை இல்ல, கவனமில்லாம இருக்கிறதுக்கு அந்த இடம் எப்பிடி வழி விட்டது எண்டு இன்னொருக்கா கேளுங்கோ. மற்றது, ஒரு கேள்விக்கு ஒரு காரணம் மட்டும் இருக்கோணும் எண்டும் இல்ல, கிளை விட்டா ரெண்டையும் எழுதுங்கோ.

படி 3: "கட்டாயம்" எண்டு நினைக்கிற எல்லாத்தையும் வரிசையா எழுதுங்கோ

இதுதான் இருக்கிறதுக்குள்ள முக்கியமான படி, அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

1942இல ஏபிரகாம் லூச்சின்ஸ் எண்ட உளவியல் ஆய்வாளர் ஒரு தண்ணிச் சாடி கணக்க வெளியிட்டார். மூண்டு சாடி: 21, 127, 3 அளவு பிடிக்கும். சரியா 100 அளவு தண்ணி எடுக்கோணும். 127ஐ நிரப்பி, அதில இருந்து 21 சாடிக்கு ஒருக்கா ஊத்தி, 3 சாடிக்கு ரெண்டு தரம் ஊத்தினா மிச்சம் 100. இதே வழியில தீருற கணக்குகள தொடர்ந்து குடுத்திட்டு, பிறகு 23, 49, 3 சாடிய குடுத்து 20 எடுக்க சொன்னார். கனபேர் அதே பழைய வழியில 49இல இருந்து 23 கழிச்சு, 3 ரெண்டு தரம் கழிச்சு 20 எடுத்தவை. விடை சரிதான். ஆனா 23இல இருந்து 3ஐ ஊத்தினாலே 20 வருதே! முந்தின கணக்குகள செய்யாத ஆக்களுக்கு அந்த சின்ன வழி டக்கெண்டு தெரிஞ்சது, பழகினவைக்குத்தான் தெரியேல்ல. அதாவது இருவது வருஷம் ஒரு தொழில்ல இருக்கிற ஆளுக்கு சில விடை கண்ணுக்கு முன்னால இருந்தும் தெரியாம போறது மொக்குத்தனத்தால இல்ல, அனுபவத்தாலதான்.

கார்ல் டங்கர் எண்ட இன்னொரு உளவியல் ஆய்வாளர் செய்தது வேற விதம். ஒரு மெழுகுதிரி, ஒரு பெட்டி நிறைய குத்தூசி, நெருப்புப் பெட்டி. மெழுகுதிரிய சுவர்ல பூட்டோணும். விடை, குத்தூசிய கொட்டிட்டு அந்தப் பெட்டிய சுவர்ல குத்தி அதுக்கு மேல மெழுகுதிரிய வைக்கிறது. பெட்டிக்குள்ள குத்தூசி இருக்கேக்க பெட்டிய ஒரு பொருளாவே ஆக்கள் காணேல்ல, குத்தூசிய வெளியில எடுத்து வெறும் பெட்டியா வைச்சுக் குடுத்தா கனபேருக்கு விடை வந்திச்சு.

இப்ப நீங்க செய்யவேண்டியது: ஒரு முழுப் பக்கம் எடுத்து உங்கட பிரச்சினையில "இது இப்பிடித்தான் இருக்கோணும்" எண்டு நம்புற எல்லாத்தையும் எழுதுங்கோ. வெக்கமா இருந்தாலும் மிச்சம் சாதாரணமானதுகளையும் எழுதோணும், ஏனெண்டா முக்கியமானது அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். அக்காட லிஸ்ட் இப்பிடி வரும்: வந்த ஒழுங்கிலதான் தைக்கோணும், ஒரு பிளவுஸ ஒரே ஆள்தான் தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் செய்யோணும், கடையிலதான் தைக்கோணும், லைனிங் சாறியிட அதே கலரா இருக்கோணும், போன் வந்தா எடுக்கோணும், திகதி குடுக்கிறது நாங்கதான், எல்லாருக்கும் தீபாவளிக்கு முதல் நாள்தான் வேணும்.

எழுதினாப் பிறகு ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஒரு அடையாளம் போடுங்கோ. சட்டம் அல்லது இயற்கை, மாத்த ஏலாது (லைனிங் நனைச்சா காய நேரம் எடுக்கும்). ஆரோ ஒராளோட ஒத்துக்கொண்டது, கதைச்சு மாத்தலாம் (குடுத்த திகதி). வெறும் பழக்கம். பழக்கம் எண்டு விழுகிறதுகள் நீங்க நினைக்கிறத விட கூட இருக்கும். பிறகு பழக்கத்தில ஒவ்வொண்டா எடுத்து, இது இல்லாட்டி என்ன எண்டு கேளுங்கோ. லைனிங் அதே கலர் இல்லாட்டி என்ன? மெல்லிய துணிக்கு வெளியில தெரியும், அது உண்மை. பட்டுச் சாறி பிளவுஸுக்கு கிட்டத்தட்ட கலர் போதும், உள்ளுக்க ஆர் பாக்கிறது.

இந்த படிய ஒரு வீட்டில பாக்கோணும் எண்டா கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களிட தொடக்கத்தில கொழும்பு அல்ஃப்ரட் பிளேஸில எனா டி சில்வாக்கு கட்டின வீட்ட சொல்லலாம். அந்தக் காலத்தில நகரத்தில வீடு எண்டா காணிக்கு நடுவில வீடு, சுத்தவர தோட்டம். காணி சின்னதாகிக்கொண்டு வர, அந்தத் தோட்டம் ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாத ஒரு ஒடுங்கின பாதையா போகும், பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ளுக்க எல்லாம் தெரியும். பாவா அத உள்பக்கம் வெளிப்பக்கமா புரட்டினார், தோட்டம் நடுவில முற்றமா, அறைகள் அதை சுத்தி, மதில் தெருப் பக்கம். காத்து, வெளிச்சம், மறைவு மூண்டும் ஒரே சின்னக் காணிக்குள்ள வந்திட்டு. பழைய நாற்சார் வீட்டில வளந்த ஆக்களுக்கு இது புதுசே இல்ல எண்டு நீங்க சொல்லலாம், சரிதான், விடை புதுசா இருக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. அந்த வீட்ட பிறகு 2010 அளவில கல்லு கல்லா கழட்டி பெந்தோட்டைக்கு கிட்ட பாவாட லுணுகங்க தோட்டத்துக்கு கொண்டுபோய் திரும்பக் கட்டினவை.

படி 4: ரெண்டும் வேணும், ஆனா ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிர்

கஷ்டமான பிரச்சினை எண்டா அநேகமா உள்ளுக்க ஒரு முரண் இருக்கும். கென்றிக் அல்ட்ஷுல்லர் எண்ட சோவியத் இஞ்சினியர் 1946இல இருந்து பேட்டன்ட் பத்திரங்கள ஆயிரக்கணக்கில ஆராய்ஞ்சு ஒரு விஷயத்த கண்டவர்: நல்ல கண்டுபிடிப்புகள் முரண்ல பாதிக்குப் பாதி விட்டுக்குடுக்கிறதில்ல, முரணையே இல்லாமப் பண்ணுது. அத எப்பிடி செய்யிறது எண்டதுக்கு அவர் சொன்னதுகளுக்குள்ள எனக்கு ஆகப் பிரயோசனமா பட்டது பிரிக்கிறது. நேரத்தால பிரி, இடத்தால பிரி, நிபந்தனையால பிரி.

நேரத்தால பிரிக்கிறது பெட்டால ஞாயிற்றுக்கிழமை போனா தெரியும். கிழமை நாள்ல பேவ்மென்ட் நடக்கிறதுக்கும் கடைக்காரருக்கும், ஞாயிறு கன கடைகள் பூட்டியிருக்க அதே வாசல்ல அங்காடி வியாபாரம். ஒரே இடம், ரெண்டு பேர்.

இடத்தால பிரிக்கிறதுக்கு எங்கட நாட்டுப் பழைய குளங்கள விட வேற உதாரணம் வேணுமா? குளத்தில தண்ணி உயரமா நிக்கோணும், அப்பதான் கனக்க சேமிக்கலாம். ஆனா உயரமா நிக்கிற தண்ணி மதகால வெளியில வரேக்க சரியான அமுக்கத்தோட வந்து கட்டையே அரிச்சுக்கொண்டு போயிடும். குளத்த பதிச்சா தண்ணி காணாது, உயர்த்தினா கட்டு போயிடும். பழைய ஆக்கள் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில, அணைக்கட்டுக்குள்ளயே ஒரு சதுரக் கிணறு மாதிரி கட்டி, தண்ணி வெளியில போறத அங்க கட்டுப்படுத்தினவை, வேகம் அதுக்குள்ளயே அடங்கிடும். அதுதான் பிசோகொட்டுவ. பிரிட்டிஷ் காலத்தில இங்க நீர்ப்பாசன இஞ்சினியரா இருந்த ஹென்றி பார்க்கர் அத கண்டு ஆச்சரியப்பட்டு எழுதி வைச்சிருக்கிறார். நடுவில ஒரு இடத்த உண்டாக்கி, ரெண்டு தேவையையும் ரெண்டு பக்கமா வைச்சாச்சு.

அக்காட கடையில முரண் என்ன? நூல் மாத்தாம ஒரே கலரா தைச்சா கெதி, ஆனா வந்த ஒழுங்கில குடுக்கோணும். பிரிச்சா: தைக்கிறது கலர் ஒழுங்கில, குடுக்கிறது திகதி ஒழுங்கில. போன் எடுக்கோணும், எடுக்கவும் கூடாது. நேரத்தால பிரிச்சா: பின்னேரம் ஆறில இருந்து ஏழு வரைக்கும் மட்டும் போன், மற்ற நேரம் முடிஞ்ச பிளவுஸ் நம்பர வட்ஸ்அப் ஸ்டேடஸ்ல போடுறது. கொழுக்கி, கை தையல் எல்லாம் மெஷினே தேவையில்லாத வேலை, அப்ப அது கடையில இருக்கவேண்டிய அவசியமும் இல்ல, அதே ஒழுங்கையில வீட்டில இருக்கிற ரெண்டு பேரிட்ட குடுக்கலாம்.

உங்கட பிரச்சினைக்கு இத ஒரு வசனமா எழுதுங்கோ: "இது … ஆ இருக்கோணும், ஏனெண்டா …, ஆனா … ஆவும் இருக்கோணும், ஏனெண்டா …". வசனம் வந்திட்டா பாதி வேலை முடிஞ்சுது.

படி 5: ஐடியா குவிக்கிறது, முதல்ல தனிய

பிரெய்ன்ஸ்டோர்மிங் எண்ட பழக்கத்த பரப்பினவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் எண்ட அமெரிக்க விளம்பரக்காரர். விமர்சிக்காத, நிறைய சொல்லு, கிறுக்குத்தனமானதையும் சொல்லு, மற்றவர் சொன்னதில ஏறி கட்டு எண்டு அவர் சொன்ன விதிகள் நல்ல விதிகள்தான். ஆனா எல்லாரும் ஒண்டா இருந்து கத்தினா கூட ஐடியா வரும் எண்டதுதான் பிழைச்சது. 1958இல யேல் பல்கலைக்கழகத்தில செய்த ஆய்வில, நாலு பேர் ஒண்டா இருந்து சொன்னத விட, நாலு பேர் தனித்தனிய எழுதி பிறகு சேத்தது கூட. 1987இல டீல், ஸ்ட்ரோப எண்ட ரெண்டு பேர் முக்கியமான காரணத்தையும் காட்டினவை: ஒராள் கதைக்கேக்க மற்றவை காத்திருக்கோணும், காத்திருக்கேக்க யோசினை நிண்டிடும் அல்லது மறந்திடும்.

கொழும்பு ஒஃபிஸ்ல இதுக்கு மேல ரெண்டு காரணம் இருக்கு எண்டது என்ட அபிப்பிராயம். பெரியவர் முதல்ல வாய் திறந்தா மற்ற எல்லாரும் "ஓம் சேர்" தான். மற்றது மீட்டிங் இங்கிலீஷ்ல நடக்கும், தமிழ்லயோ சிங்களத்திலயோ யோசிக்கிற ஆள், முக்கியமா ஸ்டோர்ஸ்லயும் டெலிவரியிலயும் இருந்து உண்மையான பிரச்சினைய தினமும் காண்கிற ஆள், வசனத்த மனசுக்குள்ள கட்டி முடிக்கிறதுக்குள்ள கதை அடுத்த விஷயத்துக்கு போயிடும். அதால, ஆளுக்கொரு தாள், எந்த பாஷையிலயும் எழுதலாம், பேர் போடத் தேவையில்ல, பத்து நிமிஷம் ஒருத்தரும் கதைக்கிறதில்ல. பிறகு தாள மாத்தி, மற்றவர் எழுதினதுக்கு கீழ ஏதாவது சேருங்கோ. பெரியவர் கடைசியா கதைக்கட்டும்.

தனிய இருக்கேக்க வாற முதல் ஏழெட்டு ஐடியாவும் எல்லாருக்கும் வாறதுதான், அத பேசாம எழுதி முடிச்சிடுங்கோ, அதுக்குப் பிறகு ஒரு வெறுமை வரும், எழும்பி தேத்தண்ணி போடலாம் போல இருக்கும். எழும்பாதேங்கோ. அந்த இடத்தில தலைகீழ் கேள்வி நல்லா வேலை செய்யும்: இந்தப் பிரச்சினைய இன்னும் மோசமாக்கிறது எப்பிடி? தையல் கடையெண்டா, எல்லாருக்கும் ஒரே திகதி குடு, பைய திறந்து பாக்காம வாங்கி வை, லைனிங்க மழை நாள்ல நனை, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா போன் எடு. எழுதிப் பாத்தா பாதி ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறதுதான்! அத ஒவ்வொண்டா திருப்புங்கோ, ஐடியா கையில. ஒண்ட எடுத்துவிட்டா என்ன, ரெண்ட சேத்தா என்ன, ஒழுங்க மாத்தினா என்ன, வேற தொழில்காரர் இத எப்பிடி செய்யினம் எண்டும் கேட்டுப் பாக்கலாம். டிக்ஷனறியில கண்ண மூடி ஒரு சொல்ல எடுத்து அதோட முடிச்சுப் போடுற விளையாட்டு எல்லாம் இருக்கு, எனக்கு அதில பெரிய நம்பிக்கை இல்ல.

சட்ஜிபிடிட்ட கேக்கலாமோ எண்டா, தாராளமா, ஆனா நீங்க உங்கட லிஸ்ட்ட எழுதி முடிச்சாப் பிறகு. முதலே கேட்டா அது சொல்றதிலேயே மனசு ஒட்டிடும், தண்ணிச் சாடிக் கதைதான். விடை கேக்கிறத விட, "நான் கேள்வி கேக்காம ஏற்றுக்கொண்டிருக்கிறது என்னென்ன" எண்டு கேட்டா பிரயோசனம் கூட.

படி 6: விட்டிட்டு போங்கோ

கிரகாம் வாலஸ் எண்டவர் 1926இல புதுசா யோசிக்கிறத நாலு கட்டமா பிரிச்சார்: ஆயத்தம், அடைகாப்பு, வெளிச்சம், சரிபாப்பு. கணித மேதை ஒன்றி புவாங்கரேக்கு ஒரு பெரிய விடை வந்தது பிரான்ஸில கூட்டான்ஸ் எண்ட ஊர்ல பஸ்ஸில காலை வைக்கேக்க. இத கேட்டிட்டு நூறாம் நம்பர் பஸ்ஸில பாணந்துறை வரைக்கும் போய் வந்தா எல்லாம் வரும் எண்டு நினைக்கக் கூடாது, அந்தாள் அதுக்கு முதல் கிழமைக்கணக்கா மண்டைய உடைச்சவர். முதல் அஞ்சு படியும் செய்யாம விட்டிட்டு போனா அது வெறும் ஊர் சுத்தல். செய்திட்டு போறதெண்டா ஒரு நாள் ரெண்டு நாள் காணும், போனையும் நோண்டாதேங்கோ, கையில சின்னத் தாள் ஒண்டு இருந்தா நல்லம்.

படி 7: தெரிவு செய்து, சின்னதா சோதியுங்கோ

ஐடியா குவிக்கிற நேரத்தில விமர்சனம் கூடாது எண்டது போல, இப்ப தயவு தாட்சணியம் கூடாது. மூண்டு கேள்வி போதும்: படி 1இல எழுதின வசனத்த இது உண்மையா மாத்துமா, பிழைச்சா எவ்வளவு நட்டம், ஒரு கிழமைக்குள்ள சோதிக்க ஏலுமா. ஒரு கிழமைக்குள்ள சோதிக்க ஏலாட்டி ஐடியாவ வெட்டி சின்னதாக்குங்கோ.

சோதிக்க முதல், என்ன நடந்தா இது தோல்வி எண்டு எழுதி வையுங்கோ. இத கனபேர் செய்யிறதில்ல, பிறகு எது நடந்தாலும் "பரவாயில்ல ஓரளவு வேலை செய்யுது" எண்டு மனச தேத்திக்கொள்ளுவினம். அக்கா சோதிச்சது தீபாவளியில இல்ல, ஆடி மாசத்தில, கூட்டம் குறைஞ்ச நேரத்தில. எழுதினது: பிந்திற பிளவுஸ் பாதியா குறையாட்டி இத விடுறது.

பிறகு தீபாவளி வரைக்கும் பாத்ததில என்ன நடந்திச்செண்டா, கலர் ஒழுங்கில தைக்கிறது கொஞ்சம் உதவிச்சு, பெருசா இல்ல. கொழுக்கி, கை தையல வீடுகளுக்கு குடுத்தது நல்லா உதவிச்சு. முந்திக் கொண்டுவாறவைக்கு விலை குறைப்பு எண்டது முழுத் தோல்வி, ஏனெண்டா ஆக்கள் பிந்தி வாறது சோம்பலால இல்ல, சம்பளமும் பண்டிகை அட்வான்ஸும் கைக்கு வந்தாப் பிறகுதான் சாறியே வாங்கினம், வாங்காத சாறிக்கு என்னெண்டு பிளவுஸ் குடுக்கிறது? லைனிங்க நீங்களே வாங்கி வாங்கோ எண்டு சொன்னதும் சரிவரேல்ல, கண்ட கண்ட துணி வந்திச்சு. ஆகப் பெரிய வித்தியாசம் எங்க வந்திச்செண்டா, அடிக்கடி கேக்கிற பத்துப் பன்னிரண்டு கலர் லைனிங்க வெயில் காலத்திலேயே மொத்தமா வாங்கி, நனைச்சு காயவைச்சு, அயன் பண்ணி அலுமாரியில அடுக்கி வைச்சதில. இன்னொரு தையல் ஆள் எடுக்காமலேயே திகதி பிந்திறது நல்லா குறைஞ்சிட்டு. முதல்ல "ஆள் காணாது" எண்ட வசனத்தோடயே போயிருந்தா மூண்டாவது மெஷினும் வாங்கி, மூண்டு பேருமா லைனிங் காயிற வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்திருப்பினம்.

படி 8: மற்ற ஆக்கள சேத்துக்கொள்ளுங்கோ

இதில கனக்க சொல்ல இல்ல. ஐடியா நல்லதெண்டா எல்லாரும் ஏற்றுக்கொள்ளுவினம் எண்டு நினைக்காதேங்கோ, அதால ஆரிட வேலை கூடுது, ஆரிட மரியாதை குறையுது எண்டு பாத்து, அந்த ஆளிட்ட முதல்ல தனிய போய் கதையுங்கோ, ஏலுமெண்டா படி 2இலேயே அவரையும் பக்கத்தில இருத்தி பாக்க விடுங்கோ. தன்ட கண்ணால கண்ட ஆளுக்கு நீங்க விளங்கப்படுத்த தேவையில்ல.

சோதனை தோத்தா திரும்ப ஐடியா குவிக்க ஓடாதேங்கோ, படி 3 லிஸ்ட்டுக்கு போங்கோ. தோத்த சோதனை ஒவ்வொண்டும் நீங்க எழுத மறந்த ஒரு "கட்டாயத்த" காட்டித் தரும், சம்பளத் திகதி காட்டின மாதிரி.

செய்து பழக வேணுமெண்டா அக்காட கடையிலேயே இன்னும் தீராத ஒண்டு கிடக்கு, எடுத்துக்கொள்ளுங்கோ. ஃபோல் அடிக்கவும் பிளவுஸ் தைக்கவும் குடுத்திட்டு மாசக்கணக்கா எடுக்க வராத சாறிகள், ஒரு அலுமாரித் தட்டு முழுக்க. அட்வான்ஸ் கட்டாயமாக்கினா ஒழுங்கா வாற வாடிக்கையாளரும் முகத்த சுழிக்கினம், போன் எடுத்தா "நாளைக்கு வாறன் அக்கா", வித்திட்டா அடுத்த நாளே வந்து நிப்பினம். அக்கா சொல்றா "இடம் காணாது தம்பி" எண்டு. படி 1இல இருந்து தொடங்குங்கோ.